பழைய ஆவணங்களைக் காக்க நுண்படமா, எண்ணிமப் பிரதியா?

கொழும்பிலுள்ள ஒரு கோயில் அறங்காவலர் சபையோ தமிழ்ச் சங்கமோ தன் கூட்டக் குறிப்பேடுகளையும் பத்திரிகைக் கட்டுகளையும் காக்க முன்வரும்போது, விலை விசாரிப்பதற்கு முன் இரண்டைத் தீர்மானிக்க வேண்டும். அவற்றை எத்தனை பேர் எவ்வளவு அடிக்கடி பார்க்கப் போகிறார்கள் என்பது ஒன்று. பிரதியை ஆண்டுதோறும் கவனிக்கப் பொறுப்பான ஓர் ஆள் இருப்பாரா என்பது மற்றொன்று.

நுண்படம் (மைக்ரோஃபிலிம்) என்பது பக்கங்களை மிகச் சிறிதாக்கிப் படச்சுருளில் பதிப்பது. பொலியெஸ்டர் அடித்தளமும் வெள்ளிப் பூச்சும் கொண்ட நுண்படச்சுருள், முறையாகக் கழுவப்பட்டு, 21 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெப்பத்திலும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதனிலும் வைக்கப்பட்டால் 500 ஆண்டுகள் நிலைக்கும் எனக் கணிக்கப்படுகிறது. படிக்க ஒளியும் உருப்பெருக்கியும் போதும் என்பதால், மென்பொருள் வழக்கொழிந்தாலும் அதற்குக் கேடில்லை. ஆனால் கொழும்பின் காற்று ஆண்டு முழுவதும் ஈரமானது. பகலில் குளிரூட்டி ஓடி இரவில் நிறுத்தப்படும் அறையில் ஈரம் ஏறி இறங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அத்தகைய அறைதான் உங்களிடம் உள்ளதென்றால், மூலச்சுருளை, அதாவது மற்றப் பிரதிகளை எடுப்பதற்கான முதற் சுருளை, அங்கே வைக்காதீர்கள். அசற்றேற்று என்ற நெகிழியை அடித்தளமாகக் கொண்ட பழைய சுருள்களில் வினாகிரி மணம் வந்தால் அவை சிதையத் தொடங்கிவிட்டன. அம்மணம் மற்றச் சுருள்களையும் கெடுக்குமாதலால் உடனே பிரித்து வையுங்கள்.

எண்ணிமப் பிரதியின், அதாவது கணினிக் கோப்பாக எடுக்கும் பிரதியின், பலம் அதன் எட்டும் தூரம். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகத் திட்டத்தால், ஈழத்து நூல்களை உலகின் எந்த மூலையிலிருந்தும் வாசிக்க முடிகிறது. எனினும் வன்தட்டு சில ஆண்டுகளிலேயே பழுதாகலாம். எனவே 300 முதல் 400 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கான படப்புள்ளிகள்) நுணுக்கத்தில், படத்தின் தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்புகளாக வருடி (ஸ்கேன் செய்து), மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றையேனும் வேறு ஊரில் வைத்து, ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்புத் தொகையையும் (கோப்பு சிறிது சிதைந்தாலும் மாறிவிடும், கணினி கணக்கிடும் எண்ணையும்) ஆண்டுக்கொரு முறை ஒப்பிடுங்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஒரே பிரதியாக இருந்தவை மீளவே இல்லை. அந்த இழப்பை அறிந்த நாம் ஒற்றைப் பிரதியை நம்பியிருக்கக் கூடாது.

ஓலைச்சுவடி, வண்ண முத்திரை, மங்கிய மை ஆகியவற்றுக்கு எண்ணிமமே ஏற்றது, ஏனெனில் நுண்படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். பத்திரிகைகளுக்கும் கணக்கேடுகளுக்கும் நுண்படம் நன்கு பொருந்தும். இரண்டுக்கும் வசதியிருந்தால், நொறுங்கும் தாளை ஒருமுறை மட்டும் கையாண்டு வருடி, அந்தக் கோப்பிலிருந்தே படச்சுருள் எழுதுவிப்பதையே நான் பரிந்துரைப்பேன். சுருளைப் பெறும்போது, கழுவிய பின் எஞ்சும் இரசாயனத்தை அளக்கும் மெதிலீன் நீலச் சோதனையின் முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.