மா இலையைக் கொளுத்தாதீர்கள், புல்தரைக்குப் போடுங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் காலையில் கூட்டிக் குவிக்கிற மாஞ்சருகு சாயங்காலம் புகையாகிவிடும். அதே வீட்டில் புல்தரைக்கு யூரியா வாங்குவார்கள்! அந்தச் சருகையே மட்க வைப்பது இப்படி.

10 அடி நீளம், 3 அடி உயரமுள்ள கோழிவலையை வட்டமாக வளைத்துக் கட்டுக்கம்பியால் முடுக்குங்கள். சுமார் மூன்றடி அகலக் கூண்டு கிடைக்கும். நிழலான மண்தரையில், வீட்டுச் சுவரிலிருந்து 10 அடி தள்ளி வையுங்கள். கறையானுக்காகத்தான் இந்தத் தூரம்.

மா இலை தோல் மாதிரி தடிப்பு, மேலே மெழுகு வேறு. முழுசாகப் போட்டால் அப்பளக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக வழிந்துபோகும். மாதக்கணக்கில் கழித்துக் கிளறினாலும் நடுவில் இலை மொறுமொறுவென்றே இருக்கும். அதனால் உச்சிவெயிலில் காய்ந்த சருகைச் சாக்கில் அள்ளி நன்றாக மிதியுங்கள். பாதி வேலை இதுதான்.

நொறுங்கின சருகு அரை அடி, அதன்மேல் வெட்டின புல்லோ காய்கறித் தோலோ 2 அங்குலம். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ சாணம் கரைத்து ஒவ்வொரு அடுக்கிலும் தெளியுங்கள். கூண்டு நிறையும்வரை இதே வரிசை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வரவேண்டும், ஒழுகினால் அதிகம்.

15 நாளுக்கு ஒருமுறை கூண்டை உருவி, பக்கத்தில் நிறுத்தி, மேலே இருப்பது அடியில் போகும்படி மாற்றி நிரப்புங்கள். நாற்றமடித்தால் ஈரமோ பச்சையோ (புல், காய்கறித் தோல்) கூடிவிட்டது, சருகு சேருங்கள். உள்ளே சூடே இல்லையென்றால் காய்ந்துவிட்டது அல்லது பச்சை போதவில்லை. கறையான் மண்ணப்பினால் மருந்துக்கு ஓடவேண்டாம். நனைத்து இன்னும் அடிக்கடி கிளறுங்கள்.

மட்க ஐந்தாறு மாதம் ஆகும். மார்ச்சில் போட்டால் செப்டம்பர் மழைக்குத் தயார்.

மணல் சல்லடையில் சலித்து, 100 சதுர அடிக்கு 20 லிட்டர் பக்கெட்டில் மூன்று தூவுங்கள். கால் அங்குலம்தான் வரும், அதுவே போதும். தடிமனாகக் கொட்டினால் புல் மூச்சுத் திணறி மஞ்சளாகும். தென்னந்துடைப்பத்தால் தள்ளிவிட்டு, புல்நுனி வெளியே தெரிகிறதா என்று பார்த்தபின் தண்ணீர் விடுங்கள்.

புல் வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். துணுக்கு அங்கேயே கிடக்கட்டும். சல்லடையில் தங்கின நரம்பும் காம்பும் அடுத்த கூண்டுக்கு அடியில் போகட்டும்.