அறுபத்தோராவது அலகு: கரண்ட் பில்லில் நாம் விடும் தவறுகள்

இலங்கை மின்சார சபையைப் பிரித்துக் கம்பனிகளாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து எங்கள் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளில் இரண்டு கதைகள் ஓடுகின்றன. "இனிமே கரண்ட் தனியார் கையில, பில் பத்து மடங்கு ஏறும்" என்பது ஒன்று. "சிம் மாத்துற மாதிரி இனிமே கம்பனிய மாத்திக்கலாம்" என்பது மற்றது. இரண்டையும் நம்ப வேண்டாம்.

சிம் கதை வெளிநாட்டிலிருந்து வந்தது. லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் தனக்கு மின்சாரம் விற்கும் கம்பனியைத் தானே தேர்ந்தெடுக்கிறார், உண்மைதான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்திலும் பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். ஆனால் 2021 பெப்ரவரியில் அங்கே கடும் குளிர் வந்தபோது, மொத்தச் சந்தை விலைக்கே கரண்ட் வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தவர்களுக்குச் சில நாளில் ஆயிரக்கணக்கான டொலர் பில் வந்தது. தேர்வு இருந்தால் மலிவு என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இங்கே நடப்பது வேறு. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் சபையின் வேலைகளைப் பிரிக்க வழிசெய்தது. 2025இல் வந்த திருத்தம், பிரித்து வரும் முக்கிய கம்பனிகள் அரசுக்கே சொந்தம் என்றது. உற்பத்தி, கடத்தல், விநியோகம் என்று பெயர்ப்பலகைதான் பிரிகிறது. வீட்டுக்கு வரும் கம்பி ஒன்றுதான். விலைக்கு ஒப்புதல் தருவது முன்போலவே பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. ஆகவே யாராவது வீட்டு வாசலில் வந்து "புதுக் கம்பனிக்கு மாற்றித் தருகிறேன், பதிவுக் காசு கட்டுங்கள்" என்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள், காசு கொடுக்காதீர்கள்.

பையில் ஓட்டை இருக்கும் இடம் வேறு. 2025 ஜூனில் வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம், வரியை விட்டுவிட்டு. மாதம் 31 முதல் 60 அலகு வரை பாவித்தால் முதல் 30 அலகுக்கு 4.50 ரூபா, அடுத்த 30க்கு 8 ரூபா, நிலையான கட்டணம் 210. 60 அலகுக்கு மொத்தம் 585 ரூபா. சரி, ஒரே ஒரு அலகு கூடி 61 ஆனால்? கூடிய அந்த அலகுக்கு மட்டும் விலை ஏறும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. முதல் 60 அலகும் 12.75 ரூபா கணக்குக்குப் போய்விடும், 61ஆவது 18.50, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,183 ரூபா 50 சதம். ஒரு மணித்தியாலம் அயன் பண்ணினால் ஏறத்தாழ ஒரு அலகு. அந்த ஒரு மணித்தியாலம் பில்லை இரட்டிப்பாக்கிவிடுகிறது. 30க்கும் 31க்கும் இடையிலும் நிலையான கட்டணம் கூடுவதால் இப்படி ஒரு பள்ளம் உண்டு, 215 ரூபா 353 ஆகும்.

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இதைவிடப் பெரிய தவறு ஒன்று நடக்கிறது. மகனுக்குக் கல்யாணம் ஆகி, குசினிப் பக்கம் ஒரு காம்பரா இறக்கி, அப்பாவின் மீற்றரிலிருந்தே கம்பி இழுத்துக் கொடுப்போம். மீற்றருக்கு இரண்டு குடும்பம் என்று தெரியாது. இரு வீட்டுக்கும் 45 அலகு என்றால் அது 90 என்று எண்ணும், அதே கட்டணத்தில் பில் 1,720 ரூபா. தனித்தனி மீற்றர் இருந்தால் வீட்டுக்கு 465, சேர்த்து 930தான். அதாவது மாதம் 790 ரூபா சும்மா போகிறது. புது மீற்றருக்குக் கடிதம், கையெழுத்து, தோட்டத்துத் துரையின் சம்மதம் என்று அலைய வேண்டியிருக்கும் என்பது எனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அந்த அலைச்சலுக்குப் பயந்தே இரண்டு வருஷம் கூடுதல் பில் கட்டினோம். அலைந்தது ஆறு நாள்தான்.

குளிர் ஊரில் அடுத்த எதிரி வாளிக்குள் போடும் ஹீட்டர். ஆயிரம் வோட் ஹீட்டரை நாளுக்கு ஒரு மணித்தியாலம் போட்டால் அதுவே மாதம் 30 அலகு. குளிக்கத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் போட்டுவிட்டுக் கதைக்கப் போகாதீர்கள்.

மீற்றர் பார்க்க வருபவர் தாமதித்து 33ஆம் நாள் வந்தால் பயப்பட வேண்டாம், எல்லை 60 அல்ல, நாள் கணக்குப்படி 66 ஆகும். மாதத்துக்கு ஒரு தடவை மீற்றர் இலக்கத்தைப் போனில் படம் பிடித்து வையுங்கள். ஒருமுறை மழையில் ஆள் வராமலே மதிப்பீட்டில் எங்களுக்குப் பில் வந்தது. படத்தைக் காட்டிய பிறகுதான் திருத்தினார்கள்.

எங்கள் மலையில் இருக்கும் லக்சபான நீர்மின் நிலையத்தை வைத்து இன்னொரு பேச்சு: "லக்சபான நம்ம மலையில, தண்ணி நம்ம தண்ணி, நமக்கு ஏன் இந்த விலை?" காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் நிறைந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இங்கே பிறக்கும் கரண்ட் நாட்டு வலையமைப்புக்குள் போய், நுரைச்சோலை நிலக்கரிக் கரண்டோடு கலந்து, எல்லாருக்கும் ஒரே விலையில் திரும்பி வருகிறது. மழை பொய்த்தால் எண்ணெய் எரிக்க வேண்டும், செலவு ஏறும். நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பதற்கு விலைக்கழிவு கிடையாது. கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி, அது வேறு விஷயம்.

அப்படியென்றால் அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும். 2025இல் சபை முதலில் 18.3 வீத உயர்வு கேட்டது, ஆணைக்குழு 15 வீதம் கொடுத்தது. அதே வருஷம் ஒக்டோபரில் 6.8 வீதம் கேட்டபோது முடியாது என்றுவிட்டது. கேட்ட விலை எல்லாம் அப்படியே வந்துவிடுவதில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கு முன்னும் பொதுமக்கள் கருத்துக் கேட்கிறார்கள், எழுத்திலும் கொடுக்கலாம், நேரிலும் பேசலாம். நம் ஆட்களோ பில் வந்த பிறகு கடையில் பேசுவதோடு சரி. அடுத்த அறிவித்தல் வரும்போது இரண்டு குடும்பத்துக்கு ஒரு மீற்றர் கதையை, பில் நகலோடு, தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். கொழும்பில் கூடிப் பேசுபவர்கள் லயத்து மீற்றரைப் பார்த்திருக்க மாட்டார்கள்.