மொபைலில் கேட்டால் மெலிந்துபோன பியானோ

எங்கள் ஹாலில் இருக்கும் பேபி கிராண்ட் பியானோவைப் பதிவு செய்ய, முன்பக்க ஒலியை அதிகமாகப் பிடிக்கும் இரண்டு கார்டியாய்டு கண்டென்சர் மைக்குகளை மூடிக்குள்ளேயே, சுத்தியல்களுக்கு மேலே வைத்திருந்தேன். கீழ் சுரங்களுக்கு ஒன்று, மேல் சுரங்களுக்கு ஒன்று. ஹெட்போனில் பிரமாதமாக இருந்தது. மொபைல் ஸ்பீக்கரில் போட்டதும் நடுவிலுள்ள சில சுரங்கள் மட்டும் அமுங்கிப்போயின. மனசே உடைந்துவிட்டது.

காரணம் தூர வித்தியாசம். 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் அலைநீளம் ஏறக்குறைய 78 செ.மீ. அது ஒரு மைக்கைவிட மற்றதற்கு 39 செ.மீ. கூடுதலாகப் பயணித்தால், மொபைல் ஸ்பீக்கரில் நடப்பதுபோல இரு மைக்குகளின் ஒலியையும் மோனோவில், அதாவது ஒரே தடமாகக் கலக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடும்.

மைக்குகளை வெளியே எடுத்தேன். மூடியை முழுக்கத் திறந்து, பியானோவின் வளைவுக்கு எதிரே ஒரு மீட்டர் தள்ளி, ஓ.ஆர்.டி.எஃப். என்ற ஸ்டீரியோ பதிவு முறையில் வைத்தேன்: 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி கோணம். மைக்குகள் நெருங்கியதால் தூர வித்தியாசம் குறைந்து, சுரங்கள் திரும்பி வந்தன! சுத்தியலின் டொக் டொக் சத்தமும் அடங்கியது.

ஆனால் இப்போது அறையின் எதிரொலி கூடியது. எங்கள் ஹாலின் கூரை தாழ்வு. பியானோவுக்கு அடியில் தடித்த கம்பளம் விரித்து, மைக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தி 70 செ.மீ.க்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அதே நான்கு வரிகளை வாசித்து, மோனோவில் கேட்டுப் பார்த்தேன். ஒரு மாலை முழுக்கப் போனது. அதற்குப் பிறகு, கீழ், மேல் சுரங்களின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.