மோட்டார் கார்டெக்ஸ் பிரிவுகள்: சமக்குறி போடுவதற்கு முன்

பெருமூளைப் புறணியில் (கார்டெக்ஸில்) உடலசைவை ஆளும் பகுதி எது என்று கேட்டால், நரம்பியல் படிக்கத் தொடங்கிய மாணவர்கள் பலரும் 'ஏரியா 4, ஏரியா 6' என்று சொல்லிவிடுவார்கள். அதற்கு அடுத்த கட்டத்தில்தான் சிக்கல். மக்காக் குரங்கில் நடந்த ஆய்வுகளைப் படிக்கப் போனால் எம்1 (முதன்மை மோட்டார் புறணி), எஸ்.எம்.ஏ. (துணை மோட்டார் பகுதி), பி.எம்.டி. (மேற்புற ப்ரீமோட்டார் பகுதி), எஃப்1 முதல் எஃப்7 என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். உடனே ஒரு அட்டவணை போட்டு, நடுவில் சமக்குறி வைத்து மனப்பாடம் செய்துவிடுகிறோம். முதல் தவறு அந்தச் சமக்குறிதான்.

இந்தப் பெயர்கள் வெவ்வேறு சோதனைகளிலிருந்து வந்தவை. ஏரியா 4, 6 என்ற எண்களைத் தந்தவர் கோர்பினியன் பிராட்மன். சாயமேற்றிய மூளைத் துண்டுகளில் செல்கள் எப்படி அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து 1909 இல் அவர் வரைபடம் வெளியிட்டார். எம்1 என்பது மின்தூண்டலில் கிடைத்த பெயர்: எந்த இடத்தைத் தூண்டினால் எந்த உறுப்பு அசைகிறது என்பதே அங்கே கேள்வி. எஃப் எண்கள் இத்தாலியின் பார்மாவிலிருந்து வந்தவை. மத்தெல்லி, லுப்பினோ, ரிசொலாத்தி மூவரும் 1985 இல் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி எங்கே எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்துப் பிரித்தார்கள். ஒரே ஊரைச் சர்வே எண், பஞ்சாயத்து வார்டு, பின்கோடு என்று மூன்று விதமாகப் பிரிப்பது போலத்தான் இது. எல்லைகள் சில இடங்களில் ஒத்துப்போகும், சில இடங்களில் போகாது. எஃப்1, ஏரியா 4, எம்1 மூன்றும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன. அந்தத் தைரியத்தில் மற்றவற்றுக்கும் சமக்குறி போட்டால் தடுமாறுவோம்.

அடுத்தது, என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு: ஏரியா 6 ஐ ஒரே பகுதியாக நினைப்பது. பழைய வரைபடங்களுக்கும் இதில் பங்குண்டு. 1950களின் தொடக்கத்தில் கிளின்டன் வுல்சி வரைந்த குரங்கு வரைபடத்தில், மூளையின் வெளிப்பக்கத்தில் ஏரியா 4 உம் 6 உம் சேர்ந்து ஒரே உடல் படமாக இருக்கும். இரு அரைக்கோளங்களும் ஒன்றையொன்று பார்க்கும் உள்பக்கத்தில் துணை மோட்டார் பகுதி என்று இன்னொரு படம். இன்று அதே ஏரியா 6 மக்காக்கில் குறைந்தது ஆறு துண்டு: மேற்புறத்தில் எஃப்2, எஃப்7, கீழ்ப்புறத்தில் எஃப்4, எஃப்5, உள்பக்கத்தில் எஃப்3, எஃப்6.

இது வெறும் பெயர் பெருக்கம் இல்லை. உள்பக்கத்து இரண்டையும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். பின்னால் இருக்கும் எஃப்3 தான் எஸ்.எம்.ஏ.; முன்னால் இருக்கும் எஃப்6, ப்ரீ-எஸ்.எம்.ஏ. இரண்டும் அடுத்தடுத்துதான் இருக்கின்றன. ஆனால் எஃப்3 தண்டுவடத்துக்கு நேரடியாக இழைகளை அனுப்புகிறது. எஃப்6 கிட்டத்தட்ட அனுப்புவதே இல்லை, அதன் உறவு முன்நெற்றிப் புறணியோடு. ஜப்பானில் மட்சுசாகா, ஐசாவா, தாஞ்சி மூவரும் 1992 இல் காட்டியது இன்னும் தெளிவானது. பின்பகுதியில் மெல்லிய மின்தூண்டலுக்கு உடல் அசைந்தது, தொடுகைக்கும் மூட்டசைவுக்கும் நியூரான்கள் பதில் கொடுத்தன. முன்பகுதியில் தூண்டினால் அசைவு அரிதாகவே வந்தது. அங்கே நியூரான்கள் கண்ணில் படும் சைகைகளுக்குப் பதில் கொடுத்தன. மேற்புறத்திலும் இதே கதைதான்: எஃப்2 தண்டுவடத்தோடு பேசும், எஃப்7 பேசாது. ஆகவே 'ஏரியா 6 அசைவைத் திட்டமிடுகிறது' என்று ஒரே வரியில் எழுதுவது எந்தத் துண்டையும் சரியாகச் சொல்வதாகாது.

இதோடு ஒட்டி வருவது ஏணிப்படித் தவறு. எம்1 க்கு முன்னால் இருக்கும் ப்ரீமோட்டார் பகுதிகள் திட்டமிடும், எம்1 கட்டளையிடும், தண்டுவடம் செய்யும் என்று வரிசைப்படுத்துகிறோம். டம், ஸ்ட்ரிக் இருவரும் 1991 இல் குரங்கின் தண்டுவடத்தில் தடமறியும் பொருளைச் செலுத்தி, அது புறணியில் எந்தெந்தச் செல்களுக்குப் போய்ச் சேர்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். கைக்கான பகுதிகளில், ப்ரீமோட்டார் பகுதிகளிலிருந்து இறங்கும் செல்களின் எண்ணிக்கை எம்1 இலிருந்து இறங்குவதற்குச் சமம் அல்லது அதிகம். எல்லாம் எம்1 என்ற படி வழியாகத்தான் இறங்க வேண்டும் என்பதில்லை. அந்தப் ப்ரீமோட்டார் பகுதிகளில் சில, மூளையின் உள்பக்கத்தில் பலரும் மறந்துவிடும் சிங்குலேட் பள்ளத்துக்குள் இருக்கின்றன.

பெட்ஸ் செல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீவில் விளாதிமிர் பெட்ஸ் 1874 இல் விவரித்த இந்தப் பெரிய செல்கள் ஏரியா 4 ஐ அடையாளம் காண உதவும். ஆனால் தண்டுவடத்துக்குப் போகும் பாதையே இவைதான் என்று எழுதாதீர்கள். அந்தப் பாதையின் இழைகளில் இவற்றின் பங்கு சுமார் 3 விழுக்காடுதான்.

மூளையின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும் நடுப்பள்ளத்துக்கு முன்னால் இருக்கும் மடிப்பு முழுவதும் எம்1 என்று வண்ணம் தீட்டுவது இன்னொரு பழக்கம். மனித மூளையில் ஏரியா 4 உச்சியில்தான் வெளிப்பரப்பில் அகலமாகத் தெரியும். கீழே வர வர குறுகி, பள்ளத்தின் முன்சுவருக்குள் இறங்கிவிடும். முகத்துக்கான மட்டத்தில் வெளியே கண்ணுக்குத் தெரியும் மடிப்பின் பெரும்பகுதி ஏரியா 6. ஸ்கேன் படத்தில் மடிப்பை வைத்து மட்டும் 'எம்1 ஒளிர்ந்தது' என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும்.

எம்1 ஆவது ஒரே சீரானதா என்றால், அதுவும் இல்லை. மனிதரில் 4ஏ (முன்), 4பி (பின்) என்ற பிரிவை கையரும் உடன் ஆய்வாளர்களும் 1996 இல் காட்டினார்கள். குரங்கில் ராத்தலோவும் ஸ்ட்ரிக்கும் 2009 இல் காட்டியது என்னை இன்றும் வியக்க வைக்கிறது: தசையை இயக்கும் நியூரானை இடைத்தரகர் இல்லாமல் நேராகத் தொடும் செல்கள் பள்ளத்துக்குள் இருக்கும் பின்பகுதியில் திரண்டிருக்கின்றன, முன்பகுதி பெரும்பாலும் தண்டுவடத்தின் இடைநியூரான்கள் வழியாகவே வேலை செய்கிறது. உடலுறுப்புகளை எம்1 மேல் பரப்பி, விரலுக்கு ஒரு பெட்டி என்று வரிசையாக வரையும் குட்டி மனிதன் படமும் அப்படியே உண்மை இல்லை. ஷீபரும் ஹிப்பர்டும் 1993 இல் குரங்கின் கைப்பகுதியில் பதிவு செய்தபோது, எந்த விரலை அசைத்தாலும் அந்தப் பகுதி முழுவதும் பரவலாக நியூரான்கள் இயங்கின. கால், கை, முகம் என்ற பெரிய வரிசை நிற்கும், அதற்குள் நுணுகினால் கலந்துவிடும்.

கடைசியாக, குரங்கிலிருந்து மனிதனுக்குத் தாவுவது. ஒரு செயலைத் தான் செய்யும்போதும் பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் கண்ணாடி நியூரான்கள் எஃப்5 இல் கிடைத்ததும், எஃப்5 தான் நம்முடைய பேச்சுக்கான புரோகா பகுதி என்று பலர் எழுதிவிட்டார்கள். புரோகா பகுதியின் பின்பாதி ஏரியா 44. பெட்ரைட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2005 இல் மக்காக்கிலேயே அதற்கு இணையான ஒரு சிறு பகுதியைக் காட்டினார்கள். அது எஃப்5 க்கு முன்னால், வில் வடிவப் பள்ளத்தின் கீழ்க்கிளைக்குள் இருக்கிறது. தூண்டினால் வாயும் முகமும் அசைகின்றன. எஃப்5 க்குப் பக்கத்து வீடு, ஆனால் வேறு வீடு.