மலைநாட்டுப் பாதைக்கு எரிபொருள் பவுசரைத் தயார்ப்படுத்தும் முறை

கொழும்புப் பக்கத்து எரிபொருள் களஞ்சியங்களான கொலன்னாவையிலோ முத்துராஜவெலயிலோ கடல் மட்டத்தை ஒட்டிய உயரத்தில் பெற்றோலை ஏற்றிக்கொண்டு புறப்படும் பவுசர் (தாங்கி லொறி), சில மணி நேரத்தில் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடைந்துவிடுகிறது. சமதரையில் மட்டும் ஓடும் பவுசருக்கு இந்த அளவு அழுத்த மாற்றமோ, இத்தனை வளைவுகளோ, இவ்வளவு நீண்ட இறக்கமோ வாய்ப்பதில்லை. ஆகவே, பத்திரங்கள் அனைத்தும் சரியாக உள்ள வாகனம்கூட மலைக்குப் பொருந்தாததாக இருக்கக்கூடும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பகுதிகளுக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் பவுசர்களின் உரிமையாளர்களும் சாரதிகளும் கவனிக்க வேண்டியவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் பத்திரங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் லொறிகளுக்குத் தேவையான வருமான அனுமதிப்பத்திரம், தகுதிச் சான்றிதழ், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியன நடப்பில் இருக்க வேண்டும். தாங்கியின் கொள்ளளவை அளந்து உறுதிப்படுத்துவது, 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களமாகும். தாங்கியின் கட்டமைப்புக்குப் பல நாடுகளில் அளவுகோலாகக் கொள்ளப்படுவது, ஆபத்தான பொருள்களை வீதியில் ஏற்றிச் செல்வது பற்றி 1957 இல் ஜெனீவாவில் கைச்சாத்தான ஏ.டி.ஆர். உடன்படிக்கை. அது ஐரோப்பாவில் பிறந்தது என்றாலும், புதிய தாங்கி கட்டுவிக்கும்போது அதன் விதிகளைக் கேட்டுப் பெறுவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. அவ்விதிப்படி வாகனத்தில் மாட்டும் செம்மஞ்சள் எச்சரிக்கைப் பலகையில் பெற்றோலுக்கு மேலே 33 (ஆபத்தின் வகை), கீழே 1203 (பொருளின் எண்) என்றும், டீசலுக்கு 30, 1202 என்றும், மண்ணெண்ணெய்க்கு 30, 1223 என்றும் எழுதப்படும். ஒரே தாங்கியின் வெவ்வேறு அறைகளில் பெற்றோலும் டீசலும் இருந்தால், இரண்டில் ஆபத்து மிகுந்த பெற்றோலின் எண்களை இட்டால் போதுமானது.

இனி, மலைப்பாதையில் மிக முக்கியமானதும் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதுமான பகுதிக்கு வருவோம்: தாங்கியின் மேலிருந்து, ஆவியை வெளியேவிட்டும் காற்றை உள்ளிழுத்தும் அமுக்கத்தைச் சமன்செய்யும் மூச்சு வால்வு. கடல் மட்டத்தில் வளியமுக்கம் 101 கிலோபஸ்கல் அளவில் இருக்க, நுவரெலியாவில் அது ஏறத்தாழ 81 கிலோபஸ்கலாகக் குறைகிறது. கீழே இறுக மூடப்பட்ட தாங்கி மேலே ஏறும்போது, உள்ளிருக்கும் ஆவி வெளியமுக்கத்தைவிட 20 கிலோபஸ்கல் வரை கூடுதலான அமுக்கத்தைப் பெற முயலும். வால்வு சீராக வேலை செய்தால் அந்த ஆவி சிறிது சிறிதாக வெளியேறிவிடும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் அது கீழே இறங்கித் தரையோடு படரும். எனவே ஏற்றத்தின் நடுவே, விறகடுப்பு எரியும் தேநீர்க் கடையின் பக்கத்தில் பவுசரை நிறுத்துவது எவ்வளவு பழகிப்போன வழக்கமாக இருந்தாலும் அதைக் கைவிட வேண்டும்.

திரும்பி இறங்கும்போது நடப்பது இதற்கு நேரெதிரானது. அதுவே கூடுதல் ஆபத்தானது. மேலே வெறுமையாக்கி மூடிய தாங்கி கொழும்பை நோக்கி இறங்குகையில் வெளிக்காற்று அதை நசுக்கப் பார்க்கும். 20 கிலோபஸ்கல் என்பது ஒவ்வொரு சதுர மீற்றர் தகட்டின் மீதும் ஏறத்தாழ இரண்டு தொன் எடை அழுத்துவதற்குச் சமம். காற்றை உள்ளிழுக்கும் வால்வை நம்பிக் கட்டப்பட்ட தாங்கி அவ்வளவு வெளியமுக்கத்தைத் தாங்குமென்று நம்ப முடியாது. அதாவது, அந்த வால்வு திறக்காவிட்டால் தாங்கி உட்குழிந்துபோவது வியப்பன்று. வால்வு அடைபடுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. வர்ணம் பூசும்போது அதன் வாயின் மேல் விழுந்த பூச்சும், குளவி கட்டிய மண்கூடும், மழைக்காலத்துத் துருவும் போதும். ஆகவே ஒவ்வொரு சேவையின்போதும் வால்வைக் கழற்றி, அதன் தீத்தடுப்பு வலையைச் சுத்தப்படுத்தி, இரு திசைகளிலும் அது திறந்து மூடுவதைப் பரிசோதிப்பியுங்கள். கசிகிறது என்று அதைத் துணியால் அடைப்பவர்கள் தாங்கியைத் தாங்களே உடைக்கிறார்கள்.

இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். பெற்றோல் நிறைந்த தாங்கியினுள் ஆவி மிகச் செறிவாக இருப்பதால் அது எளிதில் தீப்பற்றுவதில்லை. ஆவி காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் அது வெடிக்கும் தன்மையைப் பெறுகிறது. இறக்கத்தில் வால்வின் வழியே காற்றை உறிஞ்சிக்கொண்டு வரும் வெற்றுத் தாங்கி அந்த எல்லைக்குள் நுழைந்திருக்கலாம் என்பதால், 'வெறும் பவுசர்தானே' என்று எண்ணி அதன் அருகே வெல்டிங் வேலை செய்விப்பது நிறைந்த பவுசரைவிட ஆபத்தானது.

அடுத்தது அறைகளும் வளைவுகளும். தாங்கியின் ஈர்ப்பு மையம் உயரத்தில் இருப்பதால், பக்கவாட்டு வேகமாற்றம் புவியீர்ப்பின் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும்போதே பல பவுசர்கள் கவிழ்ந்துவிடும். 15 மீற்றர் ஆரையுடைய கொண்டை ஊசி வளைவில் அந்த எல்லை மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றரிலேயே வந்துவிடுகிறது. அரைகுறையாக நிறைந்த அறையில் எரிபொருள் ஒரு பக்கமாகச் சாயும்போது அது இன்னும் குறையும். அதனால் றம்பொடைப் பக்கத்து வளைவுகளை மணிக்கு 15 கிலோமீற்றருக்கு மேல் கடக்க வேண்டாம். 7,500 லீற்றருக்கு மேற்பட்டதும், எரிபொருள் அலைமோதாமல் தடுக்கும் தகடு இல்லாததுமான அறையை 80 சதவீதத்துக்கு மேலாக நிரப்ப வேண்டும், அல்லது 20 சதவீதத்துக்குக் கீழாக வைத்திருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால் எழுந்த ஏ.டி.ஆர். விதியே. ஒரு பயணத்தில் பல பெற்றோல் செட்டுகளுக்கு இறக்குவதாயின், ஓர் அறையை முழுவதுமாக வெறுமையாக்கிய பின்னரே அடுத்ததைத் திறவுங்கள். பின்னறைகளை முதலிலும் முன்னறைகளைக் கடைசியிலும் காலி செய்தால் முன்சில்லுகளின் மீது எடை தங்கும். ஏற்றத்தில் ஸ்டியரிங் இலேசாகிவிடாது.

'சுமையோடு ஏறுகிறோம், வெறுமையாகத்தானே இறங்குகிறோம்' என்ற நினைப்பில் பிறேக்கை அலட்சியம் செய்பவர்கள் உண்டு. நுவரெலியாவிலிருந்து ஹக்கலை, வெலிமடை வழியாகப் பதுளைக்குச் செல்லும் பவுசர் சுமையோடுதான் 1,000 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. 13,200 லீற்றர் டீசல் மட்டும் 11 தொன் அளவில் இருக்கும். மொத்தம் 20 தொன் கொண்ட வாகனம் 1,200 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஆறு லீற்றருக்கும் கூடுதலான டீசலை எரிப்பதால் வரும் வெப்பத்துக்குச் சமமாகும். அதை முழுவதும் பிறேக் டிரம்மே விழுங்க நேர்ந்தால் லைனிங் பிடிப்பை இழந்துவிடும். எஞ்சினின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிறேக் வேலை செய்யாத பவுசரை அந்தப் பாதையில் அனுப்பக் கூடாது; இறக்கம் தொடங்கும் முன்னரே கீழ் கியருக்கு மாறிவிட வேண்டும். பனிமூட்டப் பகுதிகளில் பிறேக்கின் காற்றுத் தாங்கிகளில் நீர் விரைவில் சேர்வதால், அந்த நீரை நாள்தோறும் வடித்துவிடுங்கள்.

ஏற்றுமிடத்தில், நிலைமின் பொறி எழாதவாறு பவுசரை ஏற்றும் மேடையோடு இணைக்கும் பிணைப்புக் கம்பியை முதலில் மாட்டி, கடைசியில் கழற்றுங்கள். நிரப்புக் குழாயின் முனை எரிபொருளில் மூழ்கும் வரை ஓட்டம் வினாடிக்கு ஒரு மீற்றரைத் தாண்டக் கூடாது. முன்பு பெற்றோல் இருந்த அறையில் டீசலை ஏற்றும்போது இவ்விதி இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். எஞ்சிய பெற்றோல் ஆவியும், டீசலில் தேங்கும் நிலைமின்னும் சந்திக்கும் இடம் அது.

இறக்குமிடத்தில் எழும் சண்டைகளில் பெரும்பாலானவை அளவு பற்றியவை. மலைநாட்டில் பல பெற்றோல் செட்டுகளின் முன்றில் சரிவானது. வாகனம் சரிந்து நின்றால் அளவுகோல் காட்டும் அளவு பிழைக்கும். எனவே அளவீட்டை மட்டமான இடத்திலேயே எடுக்க வேண்டும். பெற்றோல் குளிர்ந்தால் சுருங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். 6,600 லீற்றர் பெற்றோலின் வெப்பநிலை ஐந்து பாகை செல்சியஸ் குறைந்தால் முப்பது லீற்றருக்கு மேல் குறைந்து காட்டும், அது திருட்டன்று. ஏற்றும்போதும் இறக்கும்போதும் வெப்பநிலையைக் குறித்து வைத்தால் இந்தத் தகராறு எழாது.

ஏ.டி.ஆர். விதிப்படி, 7.5 தொன்னுக்கு மேற்பட்ட வாகனத்தில் குறைந்தது 12 கிலோ உலர்தூள் கொண்ட தீயணைப்பான்கள் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றாவது 6 கிலோ கொண்டதாகவும், இன்னொன்று எஞ்சின் பகுதிக்கென 2 கிலோ கொண்டதாகவும் இருக்கட்டும். சில்லுக் கட்டையும் மணல் சாக்கும் கூடவே வேண்டும். பருவமழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே புறப்படுங்கள்.

கசிவு ஏற்பட்டால், எஞ்சினை நிறுத்தி, பற்றரி இணைப்பைத் துண்டித்து, தாங்கியின் அடி வால்வை மூடியபின், ஓடையில் கலக்காதவாறு காணை மண்ணால் அடையுங்கள். தோட்டங்களில் பல லயங்கள் ஓடை நீரையும் பீலி நீரையும் நம்பியே இருக்கின்றன என்பதால், கீழே உள்ள குடியிருப்புகளுக்கு உடனே ஆள் அனுப்புவது தீயணைப்புப் படையை அழைப்பதற்கு இணையான அவசர வேலையாகும். தீயணைப்புக்கு 110, பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கங்களை, சாரதி மயங்கிக் கிடந்தாலும் பிறர் வாசிக்கக்கூடியவாறு, தமிழிலும் சிங்களத்திலும் சாரதி அறையின் கதவில் எழுதி வையுங்கள்.