சர்க்கரை நோயோடு வெளிநாடு வந்திருக்கிறீர்களா?

வந்து இறங்கியதும் வீடு, வேலை, வங்கிக் கணக்கு என்று அலைவதிலேயே முதல் மாதம் ஓடிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பலர் அந்த மாதத்தில்தான் மருந்தைக் கோட்டை விடுகிறார்கள். கொண்டுவந்த மாத்திரை தீரட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பல நாடுகளில் குடும்ப மருத்துவரிடம் முதலில் பதிவு செய்து, நம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.

மருந்துச் சீட்டில் பிராண்ட் பெயர் மட்டும் இருந்தால் போதாது. மெட்ஃபார்மின் 500 மி.கி., கிளிமெபிரைடு 1 மி.கி. என்று உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் அளவும் வேண்டும். ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து கலந்திருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அதே கலவை எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை.

அடுத்து, அளவுகள். என் அம்மா வந்த புதிதில் புது மீட்டரில் விரலைக் குத்திப் பார்த்தார். 9.4 என்று வந்தது. 150, 160 என்றே பார்த்துப் பழகியவர், சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று பதறி குளுக்கோஸ் டப்பாவைத் திறந்துவிட்டார். நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன். அந்த மீட்டர் மில்லிமோல் என்ற வேறு அலகில் காட்டுவது. அதை 18-ஆல் பெருக்கினால் ஊரில் பார்த்த பழைய மில்லிகிராம் கணக்கு வரும்: 9.4 என்பது ஏறக்குறைய 169. தாழ்சர்க்கரை என்பது 3.9-க்குக் கீழே, அதாவது 70-க்குக் கீழே. இந்த இரண்டு எண்களையும் மீட்டர் பையிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். சில நாடுகளில் குப்பியில் மில்லிக்கு 40 யூனிட், பெரும்பாலான நாடுகளில் 100 யூனிட். 40-க்கான பழைய சிரிஞ்சில் 100 யூனிட் இன்சுலினை ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து உடம்பில் போய்விடும். உயிருக்கே ஆபத்து. கொண்டுவந்த 40 யூனிட் குப்பி தீர்ந்ததும் பழைய சிரிஞ்சுகளை ஒதுக்கிவிடுங்கள். விமானத்தில் இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கு அறைக் குளிரில் உறைந்தால் கெட்டுவிடும்.

இதுவரை சோதித்ததே இல்லையா? தெற்காசியர்களான நமக்கு ஒல்லியாக இருந்தாலும் சர்க்கரை நோய் வரலாம். மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள். வெறும் வயிற்றில் 126 (7.0) அல்லது ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதம், அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். சில நாட்டு அறிக்கையில் இந்த 6.5 என்பது 48 என்று இருக்கும். அறிகுறி எதுவும் இல்லையென்றால் இன்னொரு முறை சோதித்துத்தான் உறுதி செய்வார்கள். ரத்தசோகை இருந்தால் சொல்லிவிடுங்கள், ஹெச்பிஏ1சி அளவு தப்பாக வரலாம்.

ரத்த அழுத்தம், கொழுப்பு மாத்திரைகளும் முன்பு சொன்ன மருந்துச் சீட்டில் சேரட்டும். வருடத்துக்கு ஒரு முறை விழித்திரை, பாதம், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்ற தேதியை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.