கண்டன்சரைத் திறப்பதற்கு முன்: உப்புக் காற்றுக் கரையில் வெற்றிடத்தைக் காப்பது எப்படி?

இராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிய பகுதியில் நீராவி டர்பைன் ஓடும் இடங்கள் அதிகமில்லை. வழுதூரில் இயற்கை எரிவாயுவைக் கொண்டு கூட்டுச் சுழற்சி முறையில், அதாவது எரிவாயு டர்பைனின் கழிவு வெப்பத்தால் நீராவி டர்பைனையும் ஓட்டி, இயங்கும் மின்நிலையமும், மாவட்டத்தின் உட்பகுதிகளில் சீமைக்கருவேல விறகை எரிக்கும் சிறு நிலையங்களுமே முதலில் நினைவுக்கு வரும். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாகவும், வீசும் காற்று உப்பாகவும், கோடையில் காற்றின் ஈரம், சூடான நீரைக் காற்றில் ஆற்றும் கூலிங் டவரின் கையைக் கட்டிப்போடுவதாகவும் இருக்கிற இக்கரையில், ஒரு கண்டன்சர், அதாவது டர்பைனை விட்டு வெளியேறும் நீராவியைக் குளிர்நீர் ஓடும் டியூப்களால் குளிர்வித்து நீராக்கும், உள்ளே வெற்றிடம் நிற்க வேண்டிய கலம், படுகிற பாடு திருப்பூரிலோ நாமக்கல்லிலோ உள்ளது படுவதில்லை.

வெற்றிடம் குறைந்தவுடன் 'டியூப்பில் அழுக்கு' என்று முடிவுகட்டி, நிலையத்தை நிறுத்தி, டியூப் முனைகளை மூடியிருக்கும் நீர்ப்பெட்டியான வாட்டர் பாக்ஸைத் திறந்து பிரஷ் போடுவதே பலரின் பழக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன். நான் ஷிப்ட் பொறுப்பில் இருந்த ஒரு சிறு நிலையத்தில், மூன்று நாள் நிறுத்தி ஒவ்வொரு டியூப்பாகத் தேய்த்து முடித்து மறுபடி ஓட்டியபோது, வெற்றிடம் பழைய இடத்திலேயே நின்றது. குற்றவாளி, ஓடாமல் நின்றிருந்த மாற்று கண்டன்சேட் பம்பின் (கண்டன்சரில் சேரும் நீரை வெளியே தள்ளும் பம்பு) உறிஞ்சு வால்வில், தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்க வேண்டிய, காய்ந்து போன கிளாண்ட் பேக்கிங். அரை மணி நேர வேலைக்கு மூன்று நாள் மின்சாரத்தை இழந்தோம். ஆகவே, குறை எங்கே என்பதைக் கண்டன்சரைத் திறக்காமலேயே கண்டறியும் முறையை முதலில் சொல்லி, அதன் பிறகே சுத்தம் செய்வதைப் பற்றிப் பேசுகிறேன்.

வெற்றிடம் குறைவதால் ஏற்படும் இழப்பை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 64 பார், 480 டிகிரி அளவில் நீராவி எடுக்கும் 10 மெகாவாட் டர்பைனில், கண்டன்சரின் தனி அழுத்தம், அதாவது முழு வெற்றிடத்தைச் சுழியாகக் கொண்டு அளக்கும் அழுத்தம், 0.10 பாரிலிருந்து 0.13 பாருக்கு ஏறினால், கொதிகலனில் அதே அளவு விறகு எரிந்தாலும் மின் உற்பத்தி ஏறத்தாழ 2 முதல் 2.5 விழுக்காடு வரை குறையும். அது 200 கிலோவாட்டுக்கு மேல். ஒரு நாளைக்கு ஐயாயிரம் யூனிட்டை நெருங்கும்.

அளவிகளை முதலில் நம்பத்தக்கவை ஆக்குங்கள்

வெற்றிட அளவி காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கண்டன்சரின் உள் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. வெளியே 760 மில்லிமீட்டர் பாதரசம் இருக்கும்போது 0.10 பார், அதாவது 75 மில்லிமீட்டர், கொண்ட கண்டன்சருக்கு அளவி 685 காட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி வெளி அழுத்தம் 10 மில்லிபார் இறங்கினால், கண்டன்சரில் எந்தக் குறையும் இல்லாமலேயே அளவி 7, 8 மில்லிமீட்டர் குறைவாகக் காட்டும். புயல் எச்சரிக்கைக் கூண்டு பாம்பனில் ஏற்றப்பட்டிருக்கும் நாளில், கண்டன்சரிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும் எஜெக்டரைப் பிரித்துப் போட்டுத் தேடியவர்கள் உண்டு. தனி அழுத்த அளவி ஒன்றைப் பொருத்திவிட்டால் இந்தக் குழப்பம் அடியோடு தீரும். அது இல்லாத இடத்தில் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பாரோமீட்டராவது வேண்டும்.

அடுத்து, டர்பைனின் வெளியேற்று வெப்பநிலையை அழுத்தத்தோடு ஒப்பிடுங்கள். நீராவி அட்டவணைப்படி 0.08 பாருக்கு 41.5 டிகிரி, 0.10 பாருக்கு 45.8, 0.12 பாருக்கு 49.4, 0.13 பாருக்கு 51 டிகிரி வர வேண்டும். ஈரமான நீராவி வெளியேறும் இயல்பான சுமையில் இவ்விரண்டும் பொருந்தாவிட்டால், கண்டன்சரைச் சந்தேகிக்கும் முன் அளவியையும் அதற்குச் செல்லும் சிறு குழாயையும் சந்தேகிக்க வேண்டும். அந்தக் குழாயில் நீர் தேங்கினாலும், அதன் இணைப்பில் காற்று புகுந்தாலும் அளவி பொய் சொல்லும்.

மூன்று வெப்பநிலைகள் சொல்லும் கதை

குளிர்நீர் உள்ளே வரும் வெப்பநிலை, வெளியேறும் வெப்பநிலை, கண்டன்சர் அழுத்தத்துக்குரிய நீராவி வெப்பநிலை ஆகிய மூன்றும் போதும். ஒழுங்காக ஓடும் ஒரு கண்டன்சரில், முழுச் சுமையில், நீர் 32 டிகிரியில் நுழைந்து 41 டிகிரியில் வெளியேறுகிறது, நீராவி 45.8 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். நீர் சூடேறியது 9 டிகிரி. வெளியேறும் நீருக்கும் நீராவிக்கும் இடையே எஞ்சிய இடைவெளி 4.8 டிகிரி. டியூப்கள் புதிதாகச் சுத்தம் செய்யப்பட்ட மறுநாள் இந்த மூன்று எண்களையும் சுமையோடு சேர்த்துக் குறித்து, லாக் புக்கின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். பின்னால் வரும் எல்லா ஆராய்ச்சிக்கும் அதுவே அடிமனை.

சில மாதங்கள் கழித்து, அதே சுமையில், உள்ளே 32, வெளியே 45, நீராவி 49.5 என்று வந்தால், நீர் 13 டிகிரி சூடேறுகிறது என்று பொருள். அதாவது நீரோட்டம் பழைய அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிட்டது. குறை பம்பிலோ, உறிஞ்சு வலையிலோ, பாதி மூடிய வால்விலோ, டியூப் வாய்களை அடைத்திருக்கும் குப்பையிலோ, வாட்டர் பாக்ஸின் மேற்புறம் தேங்கிய காற்றிலோ இருக்கும். உள்ளே 35, வெளியே 44, நீராவி 49 என்று வந்தால் கண்டன்சர் குற்றமற்றது. கூலிங் டவரைப் போய்ப் பாருங்கள். உள்ளே 32, வெளியே 41, ஆனால் நீராவி 51 என்று வந்தால் மட்டுமே வெப்பம் டியூப் சுவரைக் கடக்கத் தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் டியூப்பின் உட்புறத்துப் படிவாகவும் இருக்கலாம், வெளிப்புறத்தைப் போர்த்தி நிற்கும் காற்றாகவும் இருக்கலாம்.

இவ்விரண்டையும் பிரித்தறிவதே இந்தத் தொழிலின் நுட்பம். படிவு வாரக்கணக்கில் மெல்ல ஏறும். காற்று பெரும்பாலும் ஒரு நிறுத்தத்துக்குப் பிறகோ, ஒரு பழுதுவேலைக்குப் பிறகோ திடீரென வரும். சுமையைக் குறைக்கும்போது டர்பைனின் மேலும் சில பகுதிகள் வெளி அழுத்தத்துக்குக் கீழே போவதால், காற்றுக் கசிவு இருந்தால் குறைந்த சுமையில் நிலைமை மோசமாகும். படிவு மட்டும் இருந்தால் குறைந்த சுமையில் இடைவெளி சுருங்கும். கண்டன்சரின் அடியில் நீர் சேரும் ஹாட்வெல்லில் உள்ள நீரின் வெப்பநிலை நீராவியைவிட 3, 4 டிகிரிக்கு மேல் குறைந்திருப்பதும், அந்த நீரில் கரைந்த ஆக்சிஜன் கூடியிருப்பதும் காற்றின் பக்கம் கை காட்டுகின்றன. ஆனால் ஹாட்வெல் மட்டம் உயர்ந்து கீழ் வரிசை டியூப்கள் நீரில் மூழ்கியிருந்தாலும் நீர் அதிகமாகக் குளிரும் என்பதால், மட்டத்தைக் கண்ணாடிக் குழாயில் நேரில் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. சுமையை நிலையாக வைத்து, எஜெக்டருக்குச் செல்லும் காற்று வால்வை மூடி, முதல் ஒரு நிமிடத்தை விட்டுவிட்டு, அடுத்த சில நிமிடங்களில் வெற்றிடம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு, உடனே வால்வைத் திறந்துவிட வேண்டும். டர்பைன் தானாக நின்றுவிடும் டிரிப் அளவுக்கு நெருங்க விடக் கூடாது. ஒருவர் வால்வின் மீதே கை வைத்து நிற்க வேண்டும். சுத்தமான காலத்தில் எடுத்த அளவைவிட இப்போது இறக்கம் வேகமாக இருந்தால் கசிவு இருக்கிறது. இறக்கம் பழையபடியே இருந்தும் வெற்றிடம் மோசமாக இருந்தால், எஜெக்டரையோ டியூப்பையோ பார்க்க வேண்டும்.

காற்று புகும் வாசல்கள்

கடற்கரை நிலையங்களில் கசிவைத் தேடும் வரிசை சற்று மாறுபடும். டர்பைன் தண்டைச் சுற்றிய கிளாண்டில் காற்றைத் தடுக்கும் சீலிங் நீராவியின் அழுத்தம், வெற்றிடம் உடைக்கும் வால்வின் நீர் அடைப்பு, கண்டன்சேட் பம்பின் கிளாண்ட் ஆகியவற்றை எல்லா ஊரிலும் முதலில் பார்ப்பார்கள். இங்கே அவற்றோடு, அளவிகளுக்குச் செல்லும் அரை அங்குலக் குழாய்களையும், வெப்பக் காப்புறைக்குள் மறைந்திருக்கும் வளைவுகளையும், டர்பைனையும் கண்டன்சரையும் இணைக்கும், விரிந்து சுருங்கும் பெல்லோஸின் மடிப்புகளையும் பார்க்க வேண்டும். கச்சான் காற்றில் வரும் உப்புத் துகள் காப்புறைக்குள் புகுந்து, இரவின் ஈரத்தில் கரைந்து, குழாயை வெளியிலிருந்து அரிக்கிறது. பாம்பன் பாலத்து இரும்பைப் படுத்திய அதே காற்றுதான் இது. நான் பார்த்தவரை, கண்ணுக்குத் தெரியாத கசிவுகளில் பாதி காப்புறைக்கு அடியில்தான் இருந்தன.

ஓடும்போது தேட, ஃபிளேஞ்சுகளின் (குழாய்களைப் பொருத்தும் தட்டுகள்) மீது சோப்பு நுரையைப் பூசி அது எங்கே உள்ளிழுக்கப்படுகிறது என்று பார்க்கலாம். ஹீலியம் சோதனைக் கருவியை வாடகைக்கு எடுத்தால் இன்னும் துல்லியம். நிறுத்தக் காலத்தில் நீராவிப் பகுதியை டியூப் வரிசைகளுக்கு மேல் வரை நல்ல நீரால் நிரப்பி, எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதே எளிய, உறுதியான வழி. கண்டன்சர் ஸ்பிரிங்குகளின் மீது அமர்ந்திருந்தால், நீரின் கூடுதல் எடையைத் தாங்க ஜாக்கிகளைக் கீழே கொடுக்காமல் நிரப்பவே கூடாது.

எஜெக்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு வரும் நீராவி குறித்த அழுத்தத்தில், ஈரமின்றி வர வேண்டும். நாசில் தேய்ந்திருக்கக் கூடாது. எஜெக்டரின் நீராவியைக் குளிர்விக்கும் இடைக் கண்டன்சரின் வடிகால் அடைபடக் கூடாது.

படிவு: உவர்நீரின் கைவரிசை

ஒரு கிலோ நீராவியைக் குளிர்விக்க ஏறக்குறைய 50 கிலோ நீர் கண்டன்சரின் வழியே ஓட வேண்டும் என்பதால், 45 டன் நீராவிக்கு மணிக்கு 2,200 டன்னுக்கு மேல் நீர் சுற்றுகிறது. அதில் ஒரு பகுதி டவரில் ஆவியாகிப் போக, கரைந்த உப்பு முழுவதும் பின்தங்குகிறது. இப்பகுதிக் கிணற்று நீரோ தொடக்கத்திலேயே கடினமானது. கால்சியம் கார்பனேட் சூட்டில் கரைதிறன் குறையும் பொருள் என்பதால், அது டியூப்பின் சூடான கடைப்பகுதியில்தான் முதலில் படியும். வாட்டர் பாக்ஸைத் திறக்கும்போது நீர் நுழையும் முனையை மட்டும் பார்த்து 'சுத்தமாக இருக்கிறது' என்று மூடிவிடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்தப் படிவின் வெப்பக் கடத்துதிறன் பித்தளையினுடையதில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குதான். வழவழப்பான பாசிப் படலம் அதைவிடவும் மோசம். அது பெரும்பாலும் நீரே.

ஆகவே ப்ளோடவுனை, அதாவது உப்பேறிய நீரில் ஒரு பகுதியைக் கழித்துவிடுவதை, மிச்சம் பிடிப்பது பொய்யான சிக்கனம். சுற்றும் நீரின் குளோரைடு அளவை, இழப்பை ஈடுகட்டப் புதிதாகச் சேர்க்கும் மேக்கப் நீரின் குளோரைடு அளவால் வகுத்தால் எத்தனை மடங்கு செறிந்திருக்கிறது என்று தெரியும். உவர்க்கிணற்று நீரில் அந்த மடங்கை உங்கள் நீர்ச் சோதனை அறிக்கைக்கேற்ப தாழ்வாகவே வைக்க வேண்டும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள மாவட்டத்தில் இது வலிக்கும் அறிவுரை என்பது எனக்குத் தெரியும். மேக்கப் நீரில் ஒரு பகுதியையாவது ஆர்.ஓ. வழியே எடுத்தால், கழித்துவிடும் நீர் குறைந்து அந்தச் செலவில் ஒரு பங்கு திரும்பும்.

சுத்தம் செய்யும் முறை படிவைப் பொறுத்தது. பாசிக்கும் சேற்றுக்கும் நைலான் பிரஷ் போதும். வாட்டர் பாக்ஸ் இரு பாதியாகப் பிரிந்திருந்தால், சுமையைக் குறைத்து ஒரு பாதியை ஓடும்போதே திறந்து தேய்க்கலாம். இறுகிய சுண்ணப் படிவுக்கு, அரிப்புத் தடுப்பான் கலந்த சல்ஃபாமிக் அமிலம் ஏற்றது. துருப்பிடிக்காத எஃகு டியூப்களில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தக் கூடாது. அதன் குளோரைடு, குண்டூசித் துளைகளாகப் பின்னால் வட்டியோடு திரும்பி வரும்.

நேரடியாகக் கடல்நீரைக் கொண்டு குளிர்விக்கும் அமைப்பில் எதிரி வேறு. கொட்டலசும் (பார்னக்கிள்) சிப்பியும் குஞ்சுப் பருவத்தில் வலையைக் கடந்து, உள்ளே ஒட்டி வளர்ந்து, பிறகு உடைந்து டியூப் வாயை அடைக்கும். சொறி (ஜெல்லி மீன்) கூட்டமாக வரும் நாளில் உறிஞ்சு வலையே மூடிக்கொள்ளும். வெளியேறும் நீரில் சிறிதளவு குளோரின் எஞ்சும்படி இடைவிடாமல் கொடுப்பதும், நீரின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே போகாமல் காப்பதும் தேவை. டைட்டானியம் டியூப் அரிபடாது. ஆனால் செம்புக் கலவையில் உயிரிகளுக்கு உள்ள நஞ்சு அதில் இல்லாததால், பாசி அதில் கூடுதலாகவே பற்றும். கடலுக்குத் திரும்பும் நீர் அங்குள்ள நீரின் வெப்பநிலையை 7 டிகிரிக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது அனல்மின் நிலையங்களுக்கான நாட்டு விதி. 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ள மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளுக்கு அருகில் அது வெறும் காகித விதியல்ல. நீரோட்டத்தைக் குறைத்து பம்பு மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டவரும் வாடைக்காலமும்

கூலிங் டவர் நீரை ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) கீழே குளிர்விக்க முடியாது. கரையோரத்தில் புழுக்க மாதங்களில் அது 27, 28 டிகிரியில் நிற்கும். ஆகவே 32 டிகிரி நீர் கிடைத்தால் டவர் நன்றாக உழைக்கிறது என்று பொருள். 35 ஆகிவிட்டால் அடைபட்ட தெளிப்பு நாசில்களையும், நீரைப் பரப்பிக் காற்றில் படவைக்கும், உப்பேறிச் சரிந்த ஃபில் அடுக்குகளையும், விசிறி இதழ்களின் கோணத்தையும் பாருங்கள்.

மார்கழி, தை வாடையில் நிலைமை தலைகீழ். நீர் தானாகவே குளிர்ந்திருக்கும். ஓர் அளவுக்கு மேல் வெற்றிடம் கூடினாலும் டர்பைனின் கடைசி இதழ்களால் அதைப் பயன்படுத்த முடியாது, ஹாட்வெல் நீர் வீணாகக் குளிர்ந்து கொதிகலனின் எரிபொருளைத் தின்னும். அந்த இரவுகளில் ஒரு விசிறியை நிறுத்திவிட்டு, மின் உற்பத்தி குறைகிறதா என்று ஒரு மணி நேரம் பாருங்கள்; குறையாவிட்டால் விடியும் வரை அது நின்றே இருக்கட்டும்.

நிலையம் சில நாள்களுக்கு மேல் நிற்கப் போகிறது என்றால், உவர்நீரை டியூப்களில் தேங்க விடாதீர்கள். வாட்டர் பாக்ஸை வடித்து, நல்ல நீரால் அலசி, இரு பக்கக் கதவுகளையும் திறந்து காற்றடித்து உலர்த்திய பிறகு, எதிர்ப்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து ஒவ்வொரு டியூப்பின் அடிப்பகுதியும் ஈரமின்றி இருப்பதைப் பார்த்துக் கையெழுத்திட்ட பின்பே ஷிப்டை ஒப்படைக்க வேண்டும்.